வாவி மீன்பிடிச் சங்கமும் பருவ முடிவு வேலைகளும்

மட்டக்களப்பு வாவியை அதன் கரைகளில் வாழும் மக்கள் ஆறு என்றே வழங்குவர். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரிக்கின்றது. எழுவான்கரை ஊர்களிற் பல மீன்பிடித் தொழிலை நம்பியவை. படுவான்கரை வட்டைகள் நெல்லுக்குப் பேர்பெற்றவை. ஆயினும் ஒரே குடும்பத்தில் ஒருவர் வலையும் மற்றொருவர் மண்வெட்டியும் பிடிப்பது இங்கு புதுமையன்று. ஆகவே வாவியின் நலமும் வயலின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

வாவி மீன்பிடிச் சங்கங்கள் பருவம் நடக்கும்போது சுறுசுறுப்பாக இயங்குகின்றன. பருவம் முடிந்ததும் புத்தகங்கள் பெட்டிக்குள்ளும் வலைகள் கூரைக்குள்ளும் போய்விடுகின்றன. அடுத்த ஆண்டு சங்கம் மீண்டும் கூடும்போது கணக்கிலே ஐயமும், வலையிலே பொத்தலும், கமக்காரரோடு மனத்தாங்கலும் எஞ்சியிருக்கக் காணலாம். இம்மூன்றும் பருவ முடிவில் செய்யாமல் விட்ட வேலையின் விளைவுகளே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. பருவ முடிவில் சங்கம் எவற்றை அளக்கவேண்டும், எப்படி அளக்கவேண்டும் என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. பருவம் முடியும் காலம்

வாவியில் ஓரளவு மீன்பிடி ஆண்டு முழுவதும் நடைபெறும். ஆயினும் கச்சான் காற்று ஓய்ந்து, ஐப்பசி மாதத்தில் இடிமழை தொடங்கி, கார்த்திகையில் வாடைக்காற்று வலுக்கும்போது தொழிலின் தன்மை மாறிவிடுகின்றது. ஆறுகளும் குளங்களின் வடிகால்களும் நன்னீரை வாவிக்குள் கொண்டுவருகின்றன. நீரின் உவர்த்தன்மை குறைகின்றது, நீர்மட்டம் உயர்கின்றது, ஓட்டம் பெருகுகின்றது. கடலும் கொந்தளிப்பதால் கடற்றொழில் செய்வோரும் கரையில் தங்குகின்றனர். இதே காலத்தில் படுவான்கரையில் பெரும்போக விதைப்பு முடிந்து இளம்பயிர் நிற்கும்.

ஆதலால் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் இறுதி வரையுள்ள ஆறு வாரங்களைப் பருவ முடிவு வேலைகளுக்கென ஒதுக்கிக்கொள்ளுதல் நன்று. மழை வலுத்தபின் கூட்டம் கூட்டுவதும் கடினம். வலை உலர்த்துவதும் கடினம்.

2. கணக்கு முடித்தல்

இலங்கையிற் கூட்டுறவுச் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதன் வழிவந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. சங்கங்கள் பெரும்பாலும் பணம் இல்லாமையால் அழிவதில்லை. பணம் எங்கே போயிற்று என்று கூற இயலாமையால் அழிகின்றன.

கணக்கு முடிக்கும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நாற்பது அங்கத்தவர்களைக் கொண்ட ஒரு சங்கத்தின் எட்டு மாதக் காசேடு பின்வருமாறு அமைந்தது எனக் கொள்க.

வரவு:
முன்னிருப்பு: 18,000 ரூபா
சந்தா (40 பேர், மாதம் 50 ரூபா, 8 மாதம்): 16,000 ரூபா
மீன் விற்பனைத் தரகு: 74,000 ரூபா
அங்கத்தவர் திருப்பிச் செலுத்திய கடன்: 52,000 ரூபா
மொத்தம்: 160,000 ரூபா

செலவு:
பனிக்கட்டி: 31,000 ரூபா
இறங்குதுறை திருத்தம்: 22,000 ரூபா
அங்கத்தவருக்குக் கொடுத்த கடன்: 60,000 ரூபா
எழுதுபொருள், பயணம்: 3,000 ரூபா
மொத்தம்: 116,000 ரூபா

கையிலும் வங்கியிலும் உள்ள இருப்பு: 44,000 ரூபா

இவ்விருப்பைக் கண்டவுடன் அதனை இலாபம் எனக் கருதி, நாற்பது பேருக்கும் ஆளுக்கு 1,100 ரூபா பங்கிடலாம் என்று சிலர் கூறுவர். இது பெருந்தவறு. திரும்பி வந்த கடன் வருமானமன்று; கொடுத்த கடன் செலவுமன்று. உண்மையான வருமானம் சந்தாவும் தரகும் சேர்ந்த 90,000 ரூபா. உண்மையான செலவு பனிக்கட்டி, திருத்தம், எழுதுபொருள் ஆகியன சேர்ந்த 56,000 ரூபா. ஆகவே இப்பருவத்தின் மிகுதி 34,000 ரூபா மட்டுமே. அதிலும் 8,000 ரூபா இன்னும் அங்கத்தவர் கையிற் கடனாக நிற்கின்றது. பெட்டியிலுள்ள காசைப் பங்கிட்டுவிட்டால், முன்னிருப்பாயிருந்த 18,000 ரூபாவும் அதனோடு கரைந்துபோகும். அடுத்த பருவத்தின் முதல் வாரத்திலேயே பனிக்கட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வரும்.

கணக்கு முடிக்கும்போது கவனிக்கவேண்டியவை:

அ. ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். சீட்டில்லாத செலவைத் தனியே எழுதி, பொதுக்கூட்டத்தின் முன் வைத்தல் வேண்டும்.

ஆ. காசேட்டின் மிகுதியும், வங்கிப் புத்தகத்தின் மிகுதியும், பெட்டியில் எண்ணிய காசும் சேர்ந்து ஒத்துவருதல் வேண்டும். எண்ணும்போது தனாதிகாரியோடு பதவி வகியாத இரு அங்கத்தவர்கள் உடனிருத்தல் வேண்டும். இது தனாதிகாரியை ஐயுறுவதற்கன்று. அவரைப் பிறர் ஐயத்திலிருந்து காப்பதற்கேயாம்.

இ. ஒவ்வோர் அங்கத்தவரின் சேமிப்பும் கடனும் அவரவர் கைப்புத்தகத்தோடு ஒப்பிடப்படல் வேண்டும். எழுத வாசிக்க இயலாதவர்க்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

ஈ. சட்டமும் சங்கத்தின் உபவிதிகளும் விதித்த பங்கை ஒதுக்கு நிதியிற் சேர்த்த பின்னரே மிகுதியைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

உ. புத்தகங்களின் படியொன்றை வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது நாவலடி, கல்லடி முதலிய கரைகளில் உயிர்களும் வீடுகளும் அழிந்தன. பதிவுகளும் பத்திரங்களும் அவற்றோடு போயின. எஞ்சியோர் தம் உரிமையை எடுத்துக்காட்டத் தாளின்றி இடர்ப்பட்டனர். இன்று கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து இருவரிடம் வைத்தல் எளிது.

3. மாரிச் சேமிப்பு

கார்த்திகை, மார்கழி மாதங்களில் மீனவர் வீட்டில் வருமானம் குன்றும், செலவு குன்றாது. தைப்பொங்கலும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் அடுத்தடுத்து வரும். அப்போது வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவர், பருவம் தொடங்கியதும் அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டியவராகின்றார். அடுத்த ஆண்டின் உழைப்பு இவ்வாண்டு மழையிலேயே விலைபோய்விடுகின்றது.

வேறொரு கேடும் இதிலிருந்தே பிறக்கின்றது. அடுப்பு எரியாத வீட்டில் சட்டம் பேசிப் பயனில்லை. மாரியிற் கையிற் காசில்லாதவரே பெரும்பாலும் இரவில் தங்கூசி வலையை எடுத்துக்கொண்டு செல்கின்றார். ஆதலால் வாவியைக் காக்கும் வேலை கண்காணிப்பிலே தொடங்குவதில்லை, சேமிப்பிலே தொடங்குகின்றது.

சங்கம் பருவ காலத்தில் ஒவ்வொரு வார விற்பனையிலிருந்தும் சிறு தொகையை மாரிச் சேமிப்பு என்ற பெயரில் தனியே பிடித்து வைக்கலாம். வாரம் 200 ரூபாவாக 30 வாரம் சேமிப்பவர்க்கு 6,000 ரூபா சேரும். இதனை ஒரே தடவையிற் கொடுத்தல் ஆகாது. நவம்பர், டிசெம்பர், சனவரி ஆகிய மூன்று மாதங்களின் முதல் வாரத்திலும் 2,000 ரூபாவாகக் கொடுத்தல் வேண்டும். இச்சேமிப்பு அங்கத்தவரின் சொந்தப் பணம். சங்கம் அதனை வேறு செலவுக்கு எடுத்தல் கூடாது. இவ்வாண்டு இத்திட்டம் இல்லாத சங்கங்கள், அடுத்த பருவத்திற்கான தீர்மானத்தை இப்பருவ முடிவுக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம்.

4. வலையும் தூண்டிலும் தோணியும்

முன்னாளிற் பருத்தி வலைகள் வழக்கிலிருந்தன. அவற்றை உலர்த்தாவிடின் அழுகிப்போம். இன்றைய நைலோன் வலை அழுகுவதில்லை. ஆதலின் பராமரிப்பு வேண்டியதில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். வெயில் நைலோனுக்குப் பகை. பல வாரம் வேலியிற் கிடந்து வெயிலில் காய்ந்த வலையின் நூல் வலுவிழந்து, பெரிய மீன் அடித்தவுடன் அறுந்துவிடும். எலியும் வலைக்குப் பகையே. மீன் வாடை நீங்காத வலையை அது நாடிவரும்.

ஆகவே வலையை நன்னீரில் அலசி, பாசியும் செதிலும் நீக்கி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். பொத்தல்களை உடனே பொத்துதல் வேண்டும். மிதவைகளையும் ஈயக்குண்டுகளையும் எண்ணிக் குறைந்தவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிலத்திற் படாதபடி பரணிலோ வளையிலோ தொங்கவிடலாம். தூண்டிற் கொக்கிகளை நன்னீரிற் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் சிறிது தடவி, மூடியுள்ள பேணியில் வைத்தல் துருவைத் தடுக்கும். தோணிகளைக் கரையேற்றிக் கவிழ்த்து, வெடிப்புகளை அடைத்து, வெள்ளம் ஏறாத இடத்திற் கட்டுதல் வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இம்மாதங்களிலேயே வந்தது என்பதை நினைவிற் கொள்க.

வலை பொத்தும் இந்நாட்களே வலையின் கண்ணை அளந்து பார்ப்பதற்கும் ஏற்ற நாட்கள். வலையை இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளத்தல் வேண்டும். அளவுகளைச் சங்கப் புத்தகத்திற் பதிந்து, கடற்றொழில் பரிசோதகரிடம் காட்டி, அனுமதிக்கப்பட்டவையா என உறுதிசெய்தல் நன்று. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம் வெடிமருந்தும் நஞ்சும் கொண்டு மீன்பிடித்தலைத் தடைசெய்கின்றது. தங்கூசி வலை 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்டது. மீன்பிடி அனுமதிப்பத்திரமும் படகுப் பதிவும் காலாவதியாகும் திகதிகளையும் இப்போதே ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளலாம்.

அறுந்து வாவியிற் கிடக்கும் வலைத்துண்டுகளை அங்கத்தவர் எல்லோரும் ஒருநாள் கூடித் தேடி எடுத்தல் வேண்டும். அழுகாத வலை, ஆள் இல்லாதபோதும் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டேயிருக்கும். அம்மீன் எவர்க்கும் பயன்படாது. கல்லடிப் பாலத்தடியிலும் பிற துறைகளிலும் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரையும் அன்றைய வேலைக்கு அழைக்கலாம். அறுந்த தூண்டில் நூலைத் தண்ணீரில் விடாதிருக்கவும், சிறிய மீனை உயிருடன் திருப்பிவிடவும் அவர்கள் அப்போது பழகிக்கொள்வர்.

5. மீனின் வாழ்க்கையும் ஆற்றுவாயும்

வாவியிலே பிடிக்கும் மீனும் இறாலும் எல்லாம் வாவியிலே பிறந்தவையல்ல. இதனை அறியாதவரால் ஆற்றுவாயைப் பற்றிச் சரியாகத் தீர்மானிக்க இயலாது.

பெருவகை இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கடல் நீரோடு மிதந்து ஆற்றுவாய் வழியாக வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கிடையிலும் சாதாளைகளுக்கிடையிலும் சில மாதம் வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. மணலை மீனும் கடலிலே முட்டையிட்டு, குஞ்சுப் பருவத்தில் வாவியை நாடிவரும். சேற்று நண்டின் பெண், முட்டை பொரிக்கும் காலத்திற் கடலை நோக்கிச் செல்லும். கொடுவா மீன் இளமையில் வாவியிலும் ஆற்றிலும் வாழ்ந்து, முட்டையிடுவதற்கு உவர்நீர் மிகுந்த ஆற்றுவாய்ப் பக்கம் இறங்கும். இம்மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் இயல்புடையது. எனவே ஆற்றுவாயிற் பிடிபடும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்களேயாம். திலாப்பியா இதற்கு மாறானது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் வாவிக்குள்ளேயே பெருகும். அதற்கு ஆற்றுவாய் வேண்டியதில்லை.

ஆகவே ஆற்றுவாய் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தால், இறாலும் மணலையும் கொடுவாவும் நண்டும் குறையும். கோடையில் ஆற்றின் வரத்துக் குறையும்போது கடலலை கொண்டுவரும் மணல் வாயை அடைப்பது இயற்கை. வாவிக்கு இரண்டு வாய்கள் உள்ளன. வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் ஒன்று. தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலுள்ளது மற்றொன்று. மழைக்காலத்தில் இவ்வாய்கள் அடைபட்டிருந்தால் நீர் வெளியேற வழியின்றித் தாழ்ந்த வயல்களில் ஏறும். 2011ஆம் ஆண்டு சனவரி மாதப் பெருவெள்ளத்தில் இம்மாவட்டத்தின் நெற்செய்கை பேரிழப்புக்குள்ளாகியது.

இங்கேதான் கமக்காரர்க்கும் மீனவர்க்கும் கருத்து வேற்றுமை எழுகின்றது. கமக்காரர் வாயை விரைவில் வெட்டவேண்டும் என்பர். இளம்பயிர் நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போம். மீனவர் சற்றுப் பொறுக்கவேண்டும் என்பர். முன்னதாக வெட்டினால் வளர்ந்த மீனும் இறாலும் நீரோடு கடலுக்குப் போய்விடும். இரு சாராரும் கூறுவது உண்மையே. எவர் சொல்வது சரி என்று பேசுவதை விட்டு, எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது என்று பேசினால் வழி பிறக்கும்.

வெட்டும் வேளையைப் பற்றிய இயற்கை விதி ஒன்று இரு சாரார்க்கும் உதவும். இலங்கையின் கிழக்குக் கரையில் கடலின் ஏற்றவற்றம் மிகச் சிறியது. ஆகவே வெட்டிய வாயை அகலித்து நிலைநிறுத்துவது வாவி நீரின் பாய்ச்சலேயாம். வாவியின் மட்டம் கடல் மட்டத்திலும் போதியளவு உயர்ந்திருக்கும்போது வெட்டினால், பாயும் நீர் மணலை அள்ளிச் சென்று வாயை ஆழமாக்கும். மட்டம் குறைந்திருக்கும்போது வெட்டினால், பாய்ச்சல் வலுவின்றி அலை மணலைக் கொண்டுவந்து மீண்டும் அடைத்துவிடும். மிக முந்திய வெட்டு கமக்காரர்க்கும் பயன்படாது என்பது இதனாற் புலனாகும்.

6. நீர்மட்டக் கோலும் குறிப்புப் புத்தகமும்

ஒவ்வொரு சங்கமும் தன் இறங்குதுறையில் நீர்மட்டக் கோல் ஒன்றை நாட்டிக்கொள்ளுதல் வேண்டும். அலை அடிக்காத இடத்தில், உறுதியான மரக்கோலையோ இரும்புக் குழாயையோ நிலத்தில் ஆழ ஊன்றி, ஐந்து சென்றிமீற்றருக்கு ஒரு கோடாக வர்ணத்தாற் குறித்தல் வேண்டும். கோடையின் மிகத் தாழ்ந்த நீர்மட்டம் பூச்சியமாகும். கோல் புதைந்துவிட்டாலும் அளவு மாறாதிருப்பதற்கு, அருகிலுள்ள சீமெந்துப் படியிலோ மதகிலோ ஒப்புக்கோடு ஒன்றையும் வெட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

நாள்தோறும் காலை 6 மணிக்கு அளவு பார்த்து, ஒரு கொப்பியில் ஆறு செய்திகளைப் பதிதல் வேண்டும். அவை திகதி, நீர்மட்டம், மழை பெய்ததா என்பது, காற்றின் திசை, ஆற்றுவாய் திறந்துள்ளதா என்பது, அன்றைய பிடிபாட்டில் மிகுதியாயிருந்த வகை என்பனவாம். காற்றின் திசையைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. நீண்ட நீர்ப்பரப்பில் பலத்த காற்று நீரை ஒரு முனைக்குத் தள்ளக்கூடும். மழையின்றியே ஒரு துறையில் மட்டம் உயர்ந்தால், காற்றைப் பார்த்தே உண்மையை அறியலாம்.

இவ்வேலையை மேல்வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது. மூன்றாண்டுக் குறிப்பு கைவசமுள்ள சங்கத்தின் சொல்லுக்கு எந்தக் கூட்டத்திலும் மதிப்புண்டு. குறிப்பில்லாத சங்கம், சென்ற ஆண்டு அப்படி, அதற்கு முன்னாண்டு இப்படி என்று நினைவை நம்பிப் பேசும். நினைவு ஆளுக்காள் வேறுபடும்.

கோலிற் குறிக்கவேண்டிய இன்னொன்று சிவப்புக் கோடு. மழை தொடங்கியபின், எதிர்க்கரையில் மிகத் தாழ்ந்த வயலின் வரம்பை நீர் தொடும் நாளன்று, அவ்வட்டையின் வட்டைவிதானை சங்கக் காரியதரிசிக்குத் தொலைபேசியிற் கூறவேண்டும். அந்நேரத்தில் கோல் காட்டும் மட்டத்திற் சிவப்புக் கோடு இடப்படல் வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து, வயலுக்கு ஆபத்து எப்போது நெருங்குகின்றது என்பதை எழுவான்கரையில் நின்றே மீனவர் அறியலாம். மற்றவரின் இடரைத் தன் துறையிலேயே கண்ணாற் காணும்போது வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

7. கமக்காரரோடு கூடிப் பேசுதல்

பெரும்போகத்திற்கு முன் கமக்காரர் தமது ஆரம்பக் கூட்டத்தைக் கூட்டுவது வழக்கம். குளத்து நீர், விதைப்புத் திகதி, வேலியடைப்பு ஆகியன அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. மீன்பிடிச் சங்கம் கமநல சேவை நிலையத்தின் வாயிலாக வேண்டிக்கொண்டு, இரு பிரதிநிதிகளை அக்கூட்டத்திற்கு அனுப்புதல் நன்று. அதேபோல் சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்குக் கமக்காரர் அமைப்பின் இருவரை அழைத்தல் வேண்டும். அங்கே பேசத்தக்கவை மூன்று.

முதலாவது, ஆற்றுவாய். வெட்டும் தீர்மானம் மாவட்டச் செயலாளரின் தலைமையில், நீர்ப்பாசனம், கமநலம், கடற்றொழில் ஆகிய துறைகளின் அதிகாரிகளோடு கலந்து எடுக்கப்படவேண்டியது. கமக்காரரும் மீனவரும் தத்தம் கோரிக்கையை வேறுவேறாகக் கொண்டுசெல்வதிலும், நீர்மட்டக் குறிப்போடு ஒரே கடிதமாகக் கொடுப்பது மேலானது. எவரும் தாமாகவே இரவில் மண்வெட்டியோடு சென்று வாயை வெட்டுதல் கூடாது. திடீரென உடையும் வாயின் ஓட்டம் ஆளையும் தோணியையும் இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, நஞ்சு. களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளித்த வயலின் நீர் வடிகால் வழியே வாவிக்கே வருகின்றது. தெளித்தபின் சிட்டையிற் குறிப்பிட்ட நாள்வரை நீரை வயலிலேயே மறித்து வைத்தல் மருந்துக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுதலும், வெறும் போத்தல்களை நீரில் எறிதலும் தவிர்க்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, கண்டல். கரையோரக் கண்டல் மரங்கள் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றுமேடை போன்றவை. வேலிக்கம்புக்கும் விறகுக்கும் அவற்றை வெட்டாதிருக்க இரு சாராரும் உடன்படல் வேண்டும். வேலிக்கு வேண்டிய கம்பைச் சீமைக்கிளுவை நட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

8. பொதுக்கூட்டம்

கூட்டத்தின் திகதியை 14 நாட்களுக்கு முன் அறிவித்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை வேளையும், கோயில் திருவிழா நாட்களும், ஞாயிறு காலைப் பூசை வேளையும் தவிர்க்கப்படல் வேண்டும். இறால் பொறுக்கும் பெண்களும் மீன் விற்கும் பெண்களும் தொழிலாளரேயாதலின், அவர்களும் கூட்டத்தில் இருந்து பேச இடமளித்தல் வேண்டும்.

நிகழ்ச்சி ஒழுங்கு சுருக்கமாயிருத்தல் நன்று. சென்ற கூட்டறிக்கை வாசித்தல், கணக்கு வாசித்தல், கேள்விகள், கடன் நிலுவை, மாரிச் சேமிப்பு, ஆற்றுவாய்க் குறிப்பு, புதிய உத்தியோகத்தர் தெரிவு என்ற வரிசை பொருந்தும். கணக்கைப் பற்றிய கேள்வி முடியுமுன் தெரிவுக்குப் போதல் கூடாது. கடன் கட்டாதவரின் பெயரை இகழ்ச்சியாகக் கூறாது, காரணம் கேட்டுத் தவணை குறித்தல் வேண்டும். நோயாலும் மரணத்தாலும் நலிந்த வீட்டுக்குத் தவணை நீட்டுவது சங்கத்தின் கடமை. வசதியிருந்தும் கட்டாதவர்க்கு உபவிதிப்படி நடவடிக்கை எடுப்பதும் அதன் கடமையே. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் சங்கத்தையே அங்கத்தவர் மதிப்பர்.

பழைய உத்தியோகத்தர் புதியவரிடம் புத்தகம், முத்திரை, வங்கிப் பத்திரம், நீர்மட்டக் கொப்பி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஒப்படைத்தல் வேண்டும்.

9. வேலை அட்டவணை

முதல் வாரம்: காசேடு, பேரேடு, வங்கிப் புத்தகம் ஒப்பிடுதல், கூட்ட அறிவித்தல்.
இரண்டாம் வாரம்: அங்கத்தவர் கைப்புத்தகம் சரிபார்த்தல், அனுமதிப்பத்திரப் பட்டியல்.
மூன்றாம் வாரம்: பொதுக்கூட்டம், ஒப்படைப்பு.
நான்காம் வாரம்: வாவியிற் கிடக்கும் வலைத்துண்டுகளை அகற்றுதல், நீர்மட்டக் கோலைச் சரிபார்த்தல்.
ஐந்தாம் வாரம்: வலை கழுவி உலர்த்தல், கண் அளத்தல், தோணி கரையேற்றல்.
ஆறாம் வாரம்: கமக்காரர் அமைப்போடு கூடிக் கடிதம் வரைதல், முதல் மாரிச் சேமிப்புத் தவணைக்கு ஆயத்தம்.

கமக்காரர்களின் ஆரம்பக் கூட்டம் இவ்வாரங்களுள் எப்போது வரினும், சங்கப் பிரதிநிதிகள் அன்று செல்லுதல் வேண்டும்.

10. முடிவுரை

அறுவடை முடிந்த கமக்காரர் விதைநெல்லை ஒதுக்கிய பின்னரே மிகுதியை விற்கின்றார். சங்கத்திற்கும் விதைநெல் உண்டு. முடித்த கணக்கும், பொத்திய வலையும், மாரிச் சேமிப்பும், நீர்மட்டக் கொப்பியும் அவ்விதைநெல்லாகும். இவை கையிலிருக்கும் சங்கம், வாடை ஓய்ந்து வாவி தெளியும்போது எவரிடமும் முற்பணம் கேளாது தொழிலுக்கு இறங்கலாம். எதிர்க்கரையிற் கதிர் விளைந்திருப்பதையும் மனநிறைவோடு பார்க்கலாம்.

இவ்வேலைகளில் ஐயம் எழுமிடத்து, கணக்குப் பற்றிக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தரிடமும், வலையும் அனுமதிப்பத்திரமும் பற்றிக் கடற்றொழில் பரிசோதகரிடமும், வயல் நீரும் மருந்தும் பற்றி அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறிந்துகொள்க.